ஸ்கூட்டருக்கு எக்ஸ்ட்ரா பிரேக் லைட்: ஒரு மழைக்காலம் ஓட்டிப் பார்த்த பிறகு

பொருள் என்னன்னு முதல்ல சொல்லிடறேன். ஸ்கூட்டரோட பின்பக்கம், நம்பர் பிளேட்டுக்கு மேல மாட்டற ஒரு சிவப்பு எல்இடி பட்டை. ஒரு சாண் நீளம் கூட வராது. அதுக்குள்ள போற கரெண்டை விட்டு விட்டுக் கொடுக்க ஒரு சின்ன ஃப்ளாஷர். பிரேக் பிடிச்சதும் பட்டை மூணு தடவை சட்டுனு மின்னும், அப்புறம் லீவரை விடறவரைக்கும் நிலையா எரியும். அவ்வளவுதான் அதோட வேலை. சென்னை அண்ணா சாலையிலிருந்து உள்ள திரும்பினா ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுல ஆக்சசரீஸ் கடைங்க வரிசையா இருக்குமே, அங்க ஒரு சின்ன கடையில வாங்கி, அங்கேயே மாட்டிக்கிட்டேன். லைட் 350, ஃப்ளாஷர் 150, கூலி 200. மொத்தம் 700 ரூபாய். பெட்டி மேல கம்பெனிப் பேர் எதுவும் இல்ல, அதனால பேர் கேக்காதீங்க.

எனக்கு வீடு செம்மஞ்சேரி, வேலை பெருங்குடி. தினமும் ஓஎம்ஆர்தான், அதாவது பழைய மகாபலிபுரம் ரோடு. மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வச்சதுல இருந்து ரோடு ஒரு இடத்துல அகலமா இருக்கும், நூறு அடி தள்ளி பாதியாச் சுருங்கும். சுருங்கற இடத்துல வண்டிங்க குவிஞ்சு நிக்கும். அந்தக் கூட்டத்துக்குக் கடைசியா போய் நிக்கறவங்கதான் பாவம். பின்னாடி காலி ரோடு, அதுல வேகமா வர்ற தண்ணி லாரி, கம்பெனி வேன், ஆள் ஏத்தற அவசரத்துல ஷேர் ஆட்டோ. யூ டர்ன்ல நிக்கற வரிசை நீண்டு மெயின் ரோட்டுக்குள்ள வந்துடற இடமும் இப்படித்தான். ஓட்டிக்கிட்டு இருக்கும்போது நாம ஏதாவது செய்யலாம். ஒதுங்கலாம், ஹாரன் அடிக்கலாம். காலை ஊனி நின்னுட்டா முதுகை முழுசா அடுத்தவன் கவனத்துக்கிட்ட ஒப்படைச்சிடறோம். எங்க ஆபீஸ்ல வேலை பார்த்த ஒரு தம்பியை யூ டர்ன் வரிசையில நிக்கும்போதுதான் ஒரு வேன் வந்து இடிச்சது. அவன் மேல ஒரு தப்பும் இல்ல. இடுப்பெலும்பு முறிஞ்சு மாசக்கணக்குல படுத்துட்டான்.

இது ஏதோ அபூர்வமா நடக்கறதுன்னு நினைச்சுக்காதீங்க. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தோட 2022ஆம் ஆண்டு அறிக்கையில நாடு முழுக்க சாலை விபத்துல இறந்தவங்க 1,68,491 பேர். அதுல 44.5 சதவீதம் டூவீலர்ல போனவங்க. மொத்த விபத்துகள்ல எந்த வகை மோதல் அதிகம்னு பிரிச்சுப் பார்த்தா முதலிடம் எதுக்குத் தெரியுமா? நேருக்கு நேர் மோதறதுக்கு இல்ல. பின்னாலிருந்து மோதறதுக்கு, 21.4 சதவீதம். இதுல எல்லா வண்டியும் சேர்த்திதான், ஓடற வண்டி மேல மோதினதும் அடக்கம். ஆனா காருக்குப் பின்னாடி டிக்கி இருக்கு, பம்பர் இருக்கு. என் பொண்ணு பின் சீட்டுல உட்கார்ந்தா அவளுக்குப் பின்னாடி ஒரு கைப்பிடிக் கம்பி மட்டும்தான்.

எக்ஸ்ட்ரா லைட் போட்டா உண்மையிலேயே பலன் இருக்கான்னு கேட்டா, இதுக்குப் பழைய கதை ஒண்ணு இருக்கு. 1974ல ஜான் வோவோட்ஸ்கின்னு ஒரு உளவியலாளர் சான் பிரான்சிஸ்கோ டாக்சிங்க பின்னாடி தனியா ஒரு விளக்கு மாட்டிப் பார்த்தார். பிரேக் எவ்வளவு அழுத்தமா விழுதோ அதுக்கேத்த வேகத்துல மின்னற விளக்கு. அந்த டாக்சிங்களைப் பின்னாலிருந்து மோதறது 60 சதவீதம் குறைஞ்சதா வெளியிட்டார். அதுக்கப்புறம்தான் அமெரிக்காவுல 1986 மாடல்ல இருந்து எல்லாப் புதுக் கார்லயும் பின் கண்ணாடி உயரத்துல மூணாவது பிரேக் லைட் கட்டாயமாச்சு. இன்னைக்கு நம்ம ஊர்க் கார்லயும் அதைப் பார்க்கறோம். ஆனா எல்லாக் கார்லயும் வந்து, ஜனங்க கண்ணுக்குப் பழகினதுக்கு அப்புறம், 1998ல அமெரிக்க அரசோட போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு கணக்குப் பார்த்தப்ப மிஞ்சின பலன் 4.3 சதவீதம். புதுசா இருக்கறதைத்தான் கண்ணு கவனிக்குது, பழகினா விட்டுடுது. இதைத் தெரிஞ்சுக்கிட்டுதான் நான் வாங்கினேன். ஓஎம்ஆர்ல இன்னும் ஸ்கூட்டர் பின்னாடி இப்படி மின்னற லைட் எல்லார்கிட்டயும் இல்ல, அதனால இப்போதைக்குக் கண்ணுல படுது. 700 ரூபாய்க்கு அது போதும்.

இன்னொரு காரணம் வேகம். என் வண்டியில கம்பெனி கொடுத்தது சாதா பல்ப். எல்இடின்னா லீவரை அழுத்தின மாத்திரத்துல முழுசா எரியும். சாதா பல்போட இழை சூடாகி முழு வெளிச்சத்துக்கு வர்றதுக்கு நொடியில அஞ்சுல ஒரு பங்கு ஆகும். சின்ன விஷயமாத் தெரியும். பின்னாடி 60 கிலோமீட்டர் வேகத்துல வர்றவன் அந்த நேரத்துக்குள்ள மூணு மீட்டருக்கு மேல வந்துடுவான். அது ஒரு ஸ்கூட்டரை விட நீளம்.

அந்தப் பழைய பல்புல ஒரு ஏமாத்து இருக்கு, பலருக்குத் தெரியாது. ஒரே பல்புக்குள்ள ரெண்டு இழை: டெயில் லைட்டுக்கு 5 வாட், பிரேக்குக்கு 21 வாட். 21 வாட் இழை அறுந்துபோனாலும் 5 வாட் எரிஞ்சுக்கிட்டே இருக்கும். பார்க்கறவங்க ‘லைட் எரியுதே’ன்னு போயிடுவாங்க. பிரேக் பிடிச்சா வெளிச்சம் ஏறாது. நீங்க நிக்கறதே பின்னாடி வர்றவனுக்குத் தெரியாது. புதுசா எதுவும் வாங்கறதுக்கு முன்னாடி இதை இன்னைக்கு ராத்திரியே பாருங்க. வண்டியோட பின்பக்கத்தை வீட்டுச் சுவரை ஒட்டி நிறுத்தி, சாவியைப் போட்டு, முதல்ல இடது லீவரை மட்டும் அழுத்துங்க. சுவத்துல சிவப்பு பளிச்சுனு ஏறணும். விட்டுட்டு வலது லீவரை மட்டும் அழுத்துங்க. மறுபடி ஏறணும். ரெண்டு லீவருக்கும் தனித்தனி ஸ்விட்ச். தண்ணி போய் ஒண்ணு மட்டும் செத்திருக்கும், இன்னொண்ணு வேலை செய்யறதால கண்டுபிடிக்கவே முடியாது.

கடை விஷயத்துக்கு வர்றேன். வேலை பார்த்த பையனுக்கு இருபது வயசு இருக்கும். சீட்டைத் தூக்கி, பின்பக்க பிளாஸ்டிக் மூடியைக் கழட்டி, டெஸ்ட் லேம்பை வச்சு ஒவ்வொரு வயரா தொட்டுப் பார்த்தான். நான் லீவரை அழுத்தும்போது எந்த வயர்ல லேம்ப் எரியுதோ அதுதான் பிரேக் லைட்டுக்குப் போறது. அது வரைக்கும் நல்ல சுத்தமான வேலை. அப்புறம் கட்டிங் பிளேயரை எடுத்தான்.

“வயரை வெட்டி முறுக்கி டேப் போட்டா அஞ்சு நிமிஷம்க்கா.”

“தம்பி, ரெண்டு மழைக்கு அந்த டேப் நிக்காது. டெயில் லைட் வயரைச் சொருகற கப்ளர்ல இருந்து தனியா எடுத்துக் குடு. நான் இருந்து வாங்கிட்டுப் போறேன்.”

“கப்ளருக்குத் தனியா அறுபது ரூபா ஆகும்க்கா.”

“ஆகட்டும்.”

கல்லாவுல இருந்த பெரியவர் அதுக்குள்ள எழுந்து வந்துட்டார். “அந்தம்மா கேக்கறது சரிதான்டா. சால்டர் வச்சு, ஸ்லீவ் போட்டுக் குடு. அறுபது வேணாம்”னார். பையன் முகம் சுளிக்காம மறுபடி உட்கார்ந்தான். ஈயம் உருக்கி ஒட்டி, மேல ஸ்லீவை இழுத்து விட்டு லைட்டர்ல வாட்டினான். அது சுருங்கி வயரைக் கவ்வினதும் இழுத்துக் காட்டினான், அசையல. வயரைச் சூடாகற இடத்துல உரசாம டை போட்டுக் கட்டினான். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல ஆச்சு. இந்தக் கடைக்கு நான் மார்க் போடறது இதுக்காகத்தான். வண்டியோட சொந்த வயரை வெட்டாததால வேண்டாம்னா கழட்டிட்டுப் பழையபடி ஆக்கிடலாம். வாரண்டியில இருக்கற வண்டின்னா இது ரொம்ப முக்கியம், வயரை வெட்டினா சர்வீஸ் சென்டர்ல அதையே காரணம் காட்டிக் கைவிரிப்பாங்க.

அன்னைக்கு ராத்திரியே என் தம்பியைப் பின்னாடி வரச் சொல்லி, துரைப்பாக்கத்துல இருந்து பல்லாவரம் போற 200 அடி ரோட்டுல ஓட்டிப் பார்த்தேன். அவன் சொன்னது: பழைய லைட்டும் தெரியுது, ஆனா முன்னாடி இருக்கற ஆட்டோ, கார், கடை போர்டு எல்லாத்தோட சிவப்புலயும் கலந்துடுது, எது கிட்ட இருக்கு எது தூரத்துல இருக்குன்னு பிரிக்க முடியல. புதுப் பட்டை மின்னினதும் கண்ணு தானா அங்க போகுதுன்னான். பகல்ல வித்தியாசம் இன்னும் அதிகம். உச்சி வெயில்ல சாதா பல்ப் எரியுதா இல்லையான்னே தெரியாது, இது தெரியுது. அடைமழையில முழுப் பலன். வடகிழக்குப் பருவமழையில சாயங்காலம் ஆறு மணிக்கே இருட்டிடும், எல்லாரும் ஹெல்மெட் கண்ணாடியில நீர் வழிய ஓட்டுவாங்க. அந்த நேரத்துல பின்னாடி வந்த பைக்குங்க எனக்கு விட்ட இடைவெளி முன்னை விடக் கூடுதல்னு மிரர்ல என் கண்ணாலயே பார்த்தேன்.

குறையும் இருக்கு. முதல்ல வெளிச்சம். சிக்னல்ல நிக்கும்போது எனக்குப் பின்னாடி இருந்த ஒருத்தர், “மேடம், கண்ணு கூசுது, கொஞ்சம் இறக்கி வைங்க”ன்னு கேட்டுக்கிட்டார். நியாயமான பேச்சு. கண்ணு கூசினா அவருக்கும் ஆபத்து, எனக்கும் ஆபத்து. மறுபடி கடைக்குப் போய், பட்டையோட முகத்தைச் சித்தளவு கீழ நோக்கித் திருப்பி மாட்டினேன். அதுக்கப்புறம் யாரும் எதுவும் சொல்லல. ரெண்டாவது, ரெண்டு மழைக்கு அப்புறம் பட்டைக்குள்ள ஆவி கட்டி நீர் முத்து தெரிஞ்சது. கடையில கழட்டி உலர்த்தி ஓரமெல்லாம் சிலிக்கான் வச்சுக் குடுத்தாங்க, காசு வாங்கல. ஆனா புதுப் பொருள்ல அதைத் தயாரிச்சவங்களே செஞ்சிருக்கணும். வாங்கறவங்க மாட்டறதுக்கு முன்னாடியே சிலிக்கான் வைக்கச் சொல்லிடுங்க.

அதே கடையில வேற வகையும் தொங்கிச்சு. பிரேக் பிடிச்சிருக்கறவரைக்கும் நிக்காம மின்னிக்கிட்டே இருக்கறது, நீலமும் சிவப்பும் மாறி மாறி வர்றது, கலர் கலரா ஓடறது. தயவுசெய்து வாங்காதீங்க. பிரேக் லைட் சிவப்பாத்தான் இருக்கணும்னு சட்டமே இருக்கு, போலீஸ் பிடிச்சா அபராதம். அதை விடப் பெரிசு, பின்னாடி வர்றவனுக்கு ஒரே அர்த்தம்தான் போய்ச் சேரணும்: இந்த வண்டி நிக்குது. கார்ல மின்னற பிரேக் லைட்டுக்கு ஐ.நா. விதியே இருக்கு. 50 கிலோமீட்டருக்கு மேல போகும்போது அவசரமா பிரேக் அடிச்சா மட்டும் மின்னணும், சாதாரணமா வேகம் குறைக்கும்போது மின்னக் கூடாதுன்னு. எங்கேயும் எப்பவும் மின்னிக்கிட்டு இருந்தா நிஜமான அவசரத்தை யார் மதிப்பாங்க? மூணு மின்னல், அப்புறம் நிலை. அந்த வகையைக் கேட்டு வாங்குங்க.

இப்ப நான் அழுத்திச் சொல்ல நினைக்கறது. இந்த லைட் நீங்க லீவரைப் பிடிச்சிருந்தாத்தான் எரியும். எந்த சிக்னல்ல வேணா பாருங்க, நின்னதும் ரெண்டு காலையும் ஊனி, கையை எடுத்துட்டு, போனைப் பார்க்கறாங்க, துப்பட்டாவைச் சரி பண்றாங்க. லைட் அணைஞ்சுடுது. எந்த நேரத்துல அது வேணுமோ அந்த நேரத்துல அது இல்ல. ஸ்கூட்டர்ல இடது லீவரைப் பிடிச்சபடி நில்லுங்க, வலது கை ஆக்சிலேட்டர்ல சும்மா இருக்கட்டும். கியர் வண்டின்னா கிளட்சைப் பிடிச்சு முதல் கியர்லயே நின்னு, வலது காலால பின் பிரேக்கை மிதிச்சிருங்க. பின்னாடி ஒரு வண்டி வந்து முழுசா நின்னதுக்கு அப்புறம் நியூட்ரலுக்குப் போகலாம். அது வரைக்கும் கண்ணு பாதி நேரம் மிரர்ல இருக்கணும். வர்றவன் வேகம் குறையலைன்னா லீவரை விட்டு விட்டுப் பிடிச்சா லைட் மறுபடி மறுபடி மின்னும், அதுக்கு இந்த ஃப்ளாஷர் நல்லா உதவுது.

நிக்கற இடமும் பாதி உயிர். லாரிக்குப் பின்னாடி நட்டநடுவுல ஒட்டி நிக்காதீங்க. பின்னாடி இருந்து ஒருத்தன் இடிச்சா நடுவுல நசுங்கறது நீங்கதான். முன் வண்டியோட பின் டயர் ரோட்டைத் தொடற இடம் உங்க கண்ணுக்குத் தெரியற அளவுக்கு இடம் விடணும். ஏதாவது ஒரு ஓரமா, முன் சக்கரம் வண்டிங்களுக்கு நடுவுல இருக்கற இடைவெளியை நோக்கி இருக்கற மாதிரி நிக்கணும். 50 கிலோமீட்டர் வேகத்துல வர்ற லாரி, டிரைவர் கண்ணு பார்த்து கால் பிரேக்கைத் தொட ஒன்றரை நொடி ஆனாலே 21 மீட்டர் ஓடியிருக்கும். பிரேக் பிடிக்க ஆரம்பிக்கறதே அதுக்கப்புறம்தான். நிறைய தண்ணி ஏத்தின லாரி நனைஞ்ச ரோட்டுல எங்க போய் நிக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

வரிசைக்கு நடுவுல புகுந்து முன்னாடி போயிடறது நல்லதா கெட்டதான்னு வீட்டுல ஒரு பெரிய வாக்குவாதமே நடந்தது. பின்னாலிருந்து இடி வாங்கற ஆபத்தை அது குறைக்கறது உண்மைதான். கலிபோர்னியாவுல பைக் விபத்துகளை ஆராய்ஞ்சு 2015ல பெர்க்லி பல்கலைக்கழகத்துல இருந்து வந்த அறிக்கையில, வரிசைக்கு நடுவுல போய்க்கிட்டிருந்தவங்கள்ல பின்னால இடி வாங்கினவங்க 2.6 சதவீதம், அப்படிப் போகாதவங்கள்ல 4.6 சதவீதம். ஆனா நம்ம ரோட்டுல வண்டிங்களுக்கு நடுவுல இருக்கறது ஒரு முழம் சந்து. முன்னாடி போய்ச் சேர்ந்த பிறகு பஸ்ஸுக்கோ லாரிக்கோ மூக்குக்கு நேர் கீழ நின்னா, உயரத்துல உட்கார்ந்திருக்கற டிரைவருக்கு நீங்க தெரியவே மாட்டீங்க. பச்சை விழுந்ததும் அவர் கிளம்பிடுவார். அதனால நான் மெதுவா போறேன். போய்ச் சேர்ந்தா பெரிய வண்டிக்கு நேரா நிக்காம, காருக்கு முன்னாடியோ, டிரைவர் முகம் தெரியற பக்கவாட்டுலயோ நிக்கறேன்.

லைட்டோட சேர்த்து வாங்கினதுல என்னைக் கேட்டா அதிகப் பலன் ரேடியம் ஸ்டிக்கர்தான். மீட்டர் கணக்குல வெட்டித் தர்றாங்க, நூறு ரூபாய்க்கு ஸ்கூட்டருக்கும் ஹெல்மெட்டுக்கும் ஸ்கூல் பைக்கும் சேர்த்துப் போதுமானது. லாரி பின்னாடி ஒட்டியிருக்கும் பாருங்க, உள்ளுக்குள்ள தேன்கூடு மாதிரி கட்டம் கட்டமா தெரியறது, அந்த ரகம் கேளுங்க. சும்மா பளபளக்கற பிளாஸ்டிக்கையும் அதே பேர் சொல்லி விக்கறாங்க. கடை நிழல்ல வச்சு, போன் டார்ச்சை உங்க கண்ணுக்குப் பக்கத்துல பிடிச்சு அடிச்சுப் பாருங்க. நல்லது நெருப்பு மாதிரி திரும்பி அடிக்கும், மட்டமானது மங்கலாவே இருக்கும். பெட்ரோலை மிச்சம் பண்ண சிக்னல்ல சாவியைத் திருப்பி வண்டியை அணைக்கறவங்களுக்கு பிரேக் லைட், டெயில் லைட் எதுவும் எரியாது. அப்ப வேலை செய்யறது இந்த ஸ்டிக்கர் ஒண்ணுதான். பொண்ணோட ஸ்கூல் பை கறுப்பு, அதுல குறுக்க ரெண்டு பட்டை ஒட்டினேன். அவ ஹெல்மெட்டுக்குப் பின்னாடியும் ஒண்ணு.

பின்னாடி உட்கார்றவங்களோட துப்பட்டா, புடவைத் தலைப்பு, ரெயின்கோட்டோட வால், ஹூக்குல தொங்கற காய்கறிப் பை, இதெல்லாம் டெயில் லைட்டை மூடுதான்னு ஏறின உடனே ஒரு தடவை கீழ குனிஞ்சு பாருங்க. எவ்வளவு செலவு பண்ணி லைட் போட்டாலும் துணி விழுந்தா முடிஞ்சது.

மிரர்ல ஒட்டற வட்டக் குட்டிக் கண்ணாடியும் வாங்கினேன். பக்கத்துல வர்ற வண்டி தெரியுது, ஆனா பின்னாடி வர்றவன் எவ்வளவு வேகத்துல வர்றான்னு அதுல கணிக்கவே முடியல. எல்லாமே தூரத்துல இருக்கற மாதிரி காட்டுது. நிக்கும்போது பார்க்க வேண்டியது பெரிய கண்ணாடியைத்தான். இந்தக் குட்டிக் கண்ணாடிக்குக் காசு செலவு பண்ண வேண்டாம்.

மொத்தத்துல லைட்டுக்கு அஞ்சுக்கு மூன்றரை, மாட்டிக் கொடுத்த வேலைக்கு நாலரை, ரேடியத்துக்கு அஞ்சு. கையில 100 ரூபாய்தான் இருக்குன்னா ரேடியம் மட்டும் ஒட்டிக்கோங்க, மீதியை அடுத்த மாசம் பார்க்கலாம். ராத்திரி ஷிப்ட் போறவங்க, டெலிவரி பண்றவங்க, குழந்தையைப் பின்னாடி வச்சு ஓட்டறவங்க ரெண்டையும் போட்டுடுங்க. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போறதுன்னா காலையிலேயே போங்க, மதியத்துக்கு மேல வண்டி நிறுத்தவே இடம் கிடைக்காது. லைட்டுக்கு ஆறு மாசம் மாத்தித் தர்றதா வாயால சொல்றாங்க. தண்ணி போனாலும் சேர்த்தின்னு பில்லுல எழுதி வாங்கிக்கோங்க.